இரட்டை வாளும் காட்டு மந்திரமும்: பால்டர்ஸ் கேட் 3-இல் என் ரேஞ்சர் ஏன் தேற மாட்டேன் என்கிறாள்?

குலசேகரம் காட்டுவழி

எல்லாருக்கும் வணக்கம். இடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து ரப்பர் வெட்டு நின்றுபோச்சு. அப்பாவோடு விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போகிற வேலை இல்லாததால் இரவில் விளையாட நேரம் கிடைக்கிறது. 150 ஜிபி இறக்கவே மூன்று இரவு ஆனது. அப்படி ஆசையாகத் தொடங்கிய பால்டர்ஸ் கேட் 3 வீடியோ ஆட்டத்தில் லெவல் 5-லேயே சிக்கி நிற்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டு கையிலும் வாள், கூடவே காட்டு மந்திரம். கோதையாற்றுப் பக்கம் வளர்ந்தவனுக்கு மந்திரவாதியின் கோபுரத்தைவிடக் காட்டில் நடக்கிறவள்தான் மனசுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். என் பாத்திரம் ஒரு எல்ஃப் பெண். ஐந்து லெவலையும் இரண்டு வகுப்புக்குப் பங்கிட்டேன்: காட்டுப் போர்வீரர் வகுப்பான ரேஞ்சர் 3, காட்டு மந்திர வகுப்பான ட்ரூயிட் 2. இரண்டு கையிலும் சிமிட்டர் என்கிற வளைந்த வாள். லாவகத்துக்கான டெக்ஸ்டெரிட்டி 16, காட்டு மந்திர பலத்துக்கான விஸ்டம் 16. ட்ரூயிட் கொடுத்த சின்ன மந்திரங்களில் ஷில்லேலாவை எடுத்தேன்.

பாழடைந்த கிராமத்துக் கிணற்றுக்குள் இறங்கினால் வருகிற சிலந்திக் குகையில் நான்கு முறை தோற்றுவிட்டேன். முதல் சுற்றில் ஹன்டர்ஸ் மார்க் (குறித்த எதிரிக்கு அடியைக் கூட்டுகிற ரேஞ்சர் மந்திரம்) போட்டால் இரண்டாவது வாள் வீச முடியவில்லை. இரண்டாவது வாளை வீசினால் மார்க் போட முடியவில்லை. வீசினாலும் அந்த இடது கை அடி கொசுக்கடி மாதிரி விழுகிறது. இந்த யோசனையே தப்பா, இல்லை நான் செய்கிற விதம் தப்பா?

மார்த்தாண்டம் தேன்கூடு

யோசனை நல்ல யோசனை. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லு மக்கா. ரேஞ்சர் லெவல் 2-இல் சண்டை முறை எதை எடுத்தாய்? ஷில்லேலாவை எந்த ஆயுதத்தின் மேல் போடுகிறாய்?

குலசேகரம் காட்டுவழி

சண்டை முறை டிஃபென்ஸ் எடுத்தேன் அண்ணா, கவசம் ஒன்று கூடும் என்று போட்டிருந்தது. ஷில்லேலாவை சிமிட்டரோடு பயன்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

மார்த்தாண்டம் தேன்கூடு

முடியாது. அது தடிக்கும் கோலுக்கும் மட்டும் உள்ள மந்திரம். சிமிட்டரை வைத்துக்கொண்டு அதை எடுத்தது ஒரு இடத்தை வீணாக்கியதுதான். கடற்கரையை ஒட்டிய பழைய கல்லறையில் விதர்ஸ் இருப்பார், கண்டுபிடித்தாயா? அவருக்கு 100 பொன் கொடுத்தால் பாத்திரத்தின் வகுப்பையும் புள்ளியையும் முதலிலிருந்து திருப்பிக் கட்டலாம். புது ஆட்டம் தொடங்க வேண்டாம்.

தக்கலை ஆசான் பேரன்

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. இதே பாத்திரத்தை நான் மூன்று முறை கட்டியிருக்கிறேன். முதல் முறை உன்னைப் போலவேதான் செய்தேன்.

உன் கோளாறு மந்திரத்திலும் இல்லை, வாளிலும் இல்லை. போனஸ் ஆக்‌ஷனில் இருக்கிறது. ஒரு சுற்றில் உனக்குக் கிடைப்பது முக்கிய வேலைக்கு ஒரு ஆக்‌ஷன், கூடவே சின்ன வேலைக்கு ஒரே ஒரு போனஸ் ஆக்‌ஷன். இடது கை வாள் அதைத்தான் கேட்கும். ஹன்டர்ஸ் மார்க்கும் அதைத்தான் கேட்கும், மார்க் போட்ட ஆள் செத்தபின் அடுத்த ஆளுக்கு மாற்றவும் அதையேதான் கேட்கும். ஷில்லேலாவும் அதே. ஒரு குழாயடியில் நாலு குடம் வரிசை நிற்கிற மாதிரி. நீ மந்திரத்தைக் கூட்டக் கூட்ட வாள் காய்கிறது.

கணக்குப் போட்டுப் பார். சிமிட்டர் அடி 1டி6, அதாவது ஆறு முகப் பகடை ஒன்று, சராசரி மூன்றரை. டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் கூட 3. மார்க் இன்னொரு 1டி6, அதாவது மூன்றரை. ஆக வலது கை அடி ஒன்றுக்கு 10. இடது கைக்கு அந்த 3 கிடையாது, டூ வெப்பன் ஃபைட்டிங் முறையை எடுத்தவர்களுக்குத்தான் அது சேரும். நீ டிஃபென்ஸ் எடுத்ததால் உன் இடது கை அடி 7. முதல் சுற்றில் மார்க் போட்டுவிட்டு 10. அடுத்த சுற்றிலிருந்து 17. அதுவும் எல்லா அடியும் பட்டால்.

இப்போது ரேஞ்சரை 5 வரை நேராகக் கொண்டுபோயிருந்தால்? லெவல் 5-இல் எக்ஸ்ட்ரா அட்டாக் வருகிறது, வலது கையால் இரண்டு தடவை. சண்டை முறையையும் மாற்றிவிட்டால் முதல் சுற்றில் 20, அடுத்த சுற்றிலிருந்து 30. அதே ஆள், அதே வாள், அதே லெவல். ட்ரூயிட் 2 எடுத்ததால் நீ விட்டது இதைத்தான். ட்ரூயிட் வரட்டும், ஆனால் எக்ஸ்ட்ரா அட்டாக் கைக்கு வந்தபிறகு வரட்டும்.

எனக்க தாத்தா அடிமுறை ஆசான். நம்ம ஊர் ஆசான்மார் எல்லாரையும் போல வர்ம வைத்தியமும் பார்ப்பார், அடிக்கிற கையும் எண்ணெய் தடவுகிற கையும் ஒன்றே. பிள்ளைகள் பழக வருமுன்னே எண்ணெய் காய்ச்சி வைத்துவிடுவார். பக்குவம் பார்க்க ஒரு துணித்திரியை அதில் தோய்த்து விளக்கில் காட்டுவார். சடசடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அடுப்பில் கிடக்கட்டும். சத்தமில்லாமல் நின்று எரிந்தால் இறக்கிவிடுவார். களரியில் ஒருத்தன் விழுந்தபிறகு மருந்து காய்ச்சுகிற பழக்கமே கிடையாது. இந்தப் பாத்திரத்தை நான் ஒழுங்காகக் கட்டியது அந்த அடுப்படி நினைவுக்கு வந்தபிறகுதான். மந்திரம் சண்டைக்கு முன்னால், வாள் சண்டைக்குள்ளே.

அதற்குச் சரியான ட்ரூயிட் கிளை ஸ்போர்ஸ், அதாவது பூஞ்சைக் கிளை. லெவல் 2-லேயே சிம்பயாடிக் என்டிட்டி வரும். வைல்ட் ஷேப், அதாவது விலங்காக மாறுகிற சக்தியில், ஒரு தடவைக்கானதைச் செலவழித்தால் ட்ரூயிட் லெவலுக்கு நான்கு வீதம் தற்காலிக உயிர் கூடும், அது இருக்கிறவரை ஒவ்வொரு ஆயுத அடிக்கும் 1டி6 நெக்ராட்டிக், அதாவது அழுகல் வகை அடி, சேரும். இதைச் சண்டை தொடங்குமுன்பே போட்டுவிடலாம். கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரம் கலையாமல் மனசைக் கட்டி வைப்பது, கேட்காது. அடிக்கு 1டி6 என்பதால் அடி எண்ணிக்கை அதிகம் உள்ளவனுக்குத்தான் லாபம், இரட்டை வாளுக்கென்றே செய்த மாதிரி. ரேஞ்சர் 5, ட்ரூயிட் 2, ஆக லெவல் 7-இல் அடிக்குப் பதின்மூன்றரை, மூன்று அடிக்கு நாற்பது தாண்டும்.

இப்போதைக்கு ரேஞ்சர் 5 ஆக மாற்று. ட்ரூயிட் அடுத்த இரண்டு லெவலில் வரட்டும்.

வடசேரி பழைய ஆட்டக்காரன்

ஆசான் பேரன் கணக்கு சரிதான். ஆனால் தம்பி கேட்டது காட்டு மந்திரம். நீங்கள் கொடுத்தது மந்திரம் தடவிய ஒரு வாள்வீரன். ரேஞ்சர் 5 முடித்துப் பிறகு ட்ரூயிட் என்றால் பெரிய ட்ரூயிட் மந்திரம் எதையும் அவன் கண்ணால் பார்க்கப்போவதில்லை. இந்த ஆட்டத்தில் உச்ச லெவல் 12. முழு ட்ரூயிடுக்கு 11-இல் ஆறாம் படி மந்திரங்கள் திறக்கும், ஹீரோஸ் ஃபீஸ்ட் அதில் ஒன்று. கால் லைட்னிங் போட்டுவிட்டுச் சுற்றுக்குச் சுற்று இடி இறக்குகிற சுகத்தை மூன்று வாள் அடி தராது.

நான் 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டிலிருந்து விளையாடுகிறவன். அதில் ஜஹீரா ஃபைட்டரும் ட்ரூயிடும் கலந்தவள். இரண்டும் ஒன்றாக வளர்ந்ததால் முழு ட்ரூயிடைவிட மந்திரத்தில் எப்போதும் ஒரு படி பின்னால் இருப்பாள். அப்போதே எனக்கு அது வருத்தம். இந்த மூன்றாம் பாகத்தில் அவளே வயதானவளாக, ட்ரூயிடாக, இரண்டாம் அத்தியாயத்தில் வந்து சேருகிறாள்.

கலக்கத்தான் வேண்டும் என்றால் ஃபைட்டர் 1-இல் தொடங்கு. கான்ஸ்டிட்யூஷன் சேவில், அதாவது உடல் தாங்குகிறதா என்கிற பகடைச் சோதனையில், தேர்ச்சி வரும், டூ வெப்பன் ஃபைட்டிங்கும் லெவல் 1-லேயே வரும். மீதி 11-ம் ட்ரூயிட். அடி வாங்கும்போது மந்திரம் கலையாமல் இருப்பதுதான் ட்ரூயிடின் உயிர்நாடி. பத்து, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அதையாவது பகடையில் போட வேண்டும். ரேஞ்சருக்கு அந்தத் தேர்ச்சி கிடையாது.

தக்கலை ஆசான் பேரன்

ஃபைட்டர் 1 நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டில் எக்ஸ்ட்ரா அட்டாக் கடைசிவரை வராது. ட்ரூயிடுக்கு மனித உருவில் அது கிடையாது. ஒரு வலது கை அடி, ஒரு இடது கை அடி, அவ்வளவுதான். அப்படியானால் இரண்டாவது கையில் வாள் எதற்கு? கேடயம் பிடித்துவிட்டுப் போகலாமே. தம்பி முதல் வரியில் கேட்டது இரண்டு கையிலும் வாள்.

வடசேரி பழைய ஆட்டக்காரன்

அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். முழு ட்ரூயிட் என்றால் கேடயம்தான் சரி.

தோவாளை மல்லி

ரெண்டு பேரும் வாளையே பேசுகிறீர்கள். நான் கம்பு பிடித்த கதையைச் சொல்கிறேன்.

பள்ளியில் சிலம்பம் படித்தவள் நான். ஒற்றைக் கம்பு கைக்கு வந்தபிறகுதான் இரட்டைக் கம்பு கொடுப்பார்கள். முதல் வாரம் முழுக்க இடது முழங்காலில் நானே அடித்துக்கொண்டேன். அந்த ஆசையில் டூயல் வீல்டர் என்கிற ஃபீட்டை, அதாவது சில லெவலில் கிடைக்கிற சிறப்புத் திறனை, எடுத்தேன். அது இருந்தால் இரண்டு கைக்கும் லைட் (எடை குறைந்த) ஆயுதம்தான் என்கிற கட்டுப்பாடு போய்விடும், கவசமும் ஒன்று கூடும். இரண்டு கையிலும் இரண்டு கோல் பிடிக்கலாம். மந்திரக் கோல்களாக இருந்தால் இரண்டின் பலனும் சேர்ந்தே கிடைக்கும். விஸ்டம் ஒன்றையே ஏற்றிய ட்ரூயிடுக்கு ஷில்லேலாவும் இங்கே பயன்படும். டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் என்று ரெண்டு பக்கமும் புள்ளியைப் பங்கு போட வேண்டாம்.

தம்பி போடுவது போல் மூன்று அடி விழாது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் மந்திரம் போடுகிறவளுக்கு இரண்டு கையும் சும்மா இருக்காது. மேசையில் காகிதம் வைத்து ஆடுகிற மூல விளையாட்டில் இரண்டு கையும் நிறைந்திருந்தால் கைச்சைகை வேண்டிய மந்திரங்கள் தடைபடும், அதற்கென்று தனி ஃபீட் வேண்டும். இந்த வீடியோ ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம் இது.

அருமனை புதுமுகம்

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு லெவல் ஏறும்போது இரண்டாவது வகுப்பு சேர்க்கிற வழியே வரவில்லை. எல்லாரும் ரேஞ்சர் ட்ரூயிட் என்று கலக்கிறீர்கள், எங்கே இருக்கிறது அது?

மார்த்தாண்டம் தேன்கூடு

எக்ஸ்ப்ளோரர் நிலையில் விளையாடுகிறாய் என்று நினைக்கிறேன். அந்த எளிய நிலையில் வகுப்பு கலப்பது கிடையாது. அமைப்புக்குள் போய் பேலன்ஸ்டுக்கு மாற்று, வரும்.

அருமனை புதுமுகம்

வந்துவிட்டது. நன்றி அண்ணா.

குளச்சல் கரைவலை

தம்பிக்கு இன்னொரு வழி. போனஸ் ஆக்‌ஷன் ஒன்றுதான் இருக்கிறது என்பது குறை என்றால் இரண்டாக்கிக்கொள். ரோக் வகுப்பில் 3 லெவல், அதில் தீஃப் கிளை. ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் வரும், சுற்றுக்கு இன்னொரு போனஸ் ஆக்‌ஷன். ஒன்றில் மார்க், இன்னொன்றில் இடது கை வாள். மார்க் ஏற்கெனவே இருந்தால் இடது கையால் இரண்டு அடி. ரேஞ்சர் 5, ட்ரூயிட் 4, தீஃப் 3, கூட்டினால் சரியாக 12. ரேஞ்சர் 4-இல் ஒரு ஃபீட், ட்ரூயிட் 4-இல் ஒரு ஃபீட். வரிசை முக்கியம்: ரேஞ்சர் 5 வரை, பிறகு ட்ரூயிட் 2, பிறகு தீஃப் 3, கடைசியில் ட்ரூயிட் மீதி.

ரேஞ்சரில் குளூம் ஸ்டாக்கர் கிளை எடு. முதல் சுற்றில் ஒரு அடி கூடுதலாகக் கிடைக்கும். போர் மூன்று சுற்றில் முடிகிற ஆட்டத்தில் முதல் சுற்றுக்குத்தான் விலை.

புள்ளிக் கணக்கும் தருகிறேன். திறன்களுக்குப் பங்கிடக் கிடைப்பது 27 புள்ளி. டெக்ஸ்டெரிட்டி 15-ஓடு 2 சேர்த்து 17, விஸ்டம் 15-ஓடு 1 சேர்த்து 16, கான்ஸ்டிட்யூஷன் 14, கரிஸ்மா 10, மற்ற இரண்டும் 8. ஏன் 17 என்றால், சதுப்பு நிலத்துக் கிழவி ஆன்ட்டி எத்தலை உயிர் போகிற நிலைக்குக் கொண்டுவந்தால் பேரம் பேசி ஒரு முடி தருவாள். அதைத் தின்றால் ஒரு திறன் ஒன்று கூடும். 17 பதினெட்டாகிவிடும்.

தக்கலை ஆசான் பேரன்

தீஃப் 3 எனக்கும் சம்மதம். நான் மூன்றாவது தடவை கட்டியது அதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டாம் அத்தியாயத்துச் சாப நிலத்தில் வருகிற நிழல்களில் சிலவற்றின் மேல் நெக்ராட்டிக் ஏறாது. அங்கே சிம்பயாடிக்கின் 1டி6 இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடு. தற்காலிக உயிருக்காக அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கான்சன்ட்ரேஷன் மந்திரங்களையும் பார்த்து எடு. மார்க், பார்க்ஸ்கின், ஸ்பைக் குரோத், ஃபேரி ஃபயர், எல்லாமே ஒன்றை ஒன்று தள்ளிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். எனக்குப் பிடித்தது ஸ்பைக் குரோத். முள் படர்ந்த தரை அது. ஒன்றரை மீட்டர் நகர்ந்தால் 2டி4, நடையும் பாதியாகிவிடும். ஒன்பது மீட்டர் நடக்கிறவன் அதில் நாலரை மீட்டர்தான் போக முடியும், அதற்குள்ளே மூன்று தடவை குத்து வாங்கிச் சராசரி 15 போய்விடும். நீ அடிக்கவே இல்லை இன்னும். ஆக்‌ஷனைத்தான் கேட்கும், போனஸ் ஆக்‌ஷனைத் தொடாது. ஒளிந்திருந்து வழியில் விரித்துவிட்டு மேலே நின்று வில்லால் கூப்பிடு. பிழைத்து வெளியே வருகிறவனுக்கு வாள். சிலந்திக் குகையிலும் இதையே செய்.

குளச்சல் கரைவலை

அங்கே வேண்டாம். அந்தச் சிலந்திகள் நடந்து வருவதில்லை, மறைந்து வேறு இடத்தில் முளைக்கும். முள்ளை விரித்துவிட்டு நீதான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்பைக் குரோத்தை நோல் என்கிற கழுதைப்புலி மனிதர்களுக்கும் கோப்ளின் முகாமுக்கும் வை.

சிலந்திக் குகைக்கு வேறு வழி. முதலில் ஒளிந்து போய் முட்டைகளை உடைத்துவிடு, இல்லாவிட்டால் தாய்ச் சிலந்தி குஞ்சுகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு அது பள்ளத்தின் மேல் கட்டிய வலைப்பாலத்தில் நிற்கிற சமயம் பார்த்து அந்த வலைக்குத் தீ வை. கீழே விழும். விழுகிற அடியிலேயே உயிர் நிறையப் போய்விடும்.

தக்கலை ஆசான் பேரன்

சரிதான், அது எனக்குத் தோன்றவில்லை. நான் அங்கே நெருப்பு அம்பு வைத்தே முடித்ததால் மறந்துபோனேன். தம்பி, கரைவலை சொல்வதைக் கேள்.

மிடாலம் பனைநிழல்

யாரும் அரிவாளைப் பற்றிப் பேசவில்லை. பனையேறுகிற வீட்டில் பிறந்தவன் நான். இடுப்பில் கட்டிய பெட்டியில் பாளை அரிவாளை வைத்துக்கொண்டு அப்பா மரத்துக்கு மரம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தேன். பாளையைச் சீவும்போது அந்த வெட்டு தாள் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழமாக இறங்கினால் பாளை வீண், பதநீர் இல்லை. அதனால் இந்த ஆட்டத்தில் அரிவாளுக்கு 1டி4 மட்டும் கொடுத்திருப்பது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒரு அரிவாள் இருக்கிறது, தம்பி மாதிரி ஆளுக்கு அது வேண்டும்.

பாழடைந்த கிராமத்துக் கொல்லன் வீட்டின் நிலவறையில் பாதியில் நின்ற ஒரு வேலையின் குறிப்பு கிடைக்கும். அதற்கு சஸ்ஸூர் மரத்துப் பட்டை வேண்டும். மரம் இருப்பது அண்டர்டார்க் என்கிற பாதாள உலகில், ஹுக் ஹாரர் என்கிற கொக்கிக் கை மிருகங்கள் காவல். அந்த மரத்தின் பூ பக்கத்தில் இருந்தால் மந்திரமே வேலை செய்யாது, அதனால் அங்கே வாளை நம்பித்தான் போக வேண்டும். பட்டையைக் கொண்டுவந்து அதே கொல்லன் உலையில் இட்டால் கத்தி, அரிவாள், பெருவாள் மூன்றில் ஒன்று செய்யலாம். நான் அரிவாள் செய்தேன். லைட் ஆயுதம்தான், இடது கைக்குப் பொருந்தும். அடி பட்டவனின் வாயைக் கட்டிவிடும், மந்திரம் சொல்ல முடியாது. எதிரி மந்திரவாதியின் பக்கத்தில் போய் இடது கையால் ஒரு தட்டு தட்டினால் போதும். 1டி4 என்பதை அப்புறம் நான் பொருட்படுத்தவில்லை.

அப்புறம், அந்தச் சிலந்திக் குகைப் பள்ளத்தின் அடியிலிருந்தே அண்டர்டார்க்குக்கு வழி இருக்கிறது. விழுகிற அடி படாமல் காக்கிற ஃபெதர் ஃபால் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு குதி.

தோவாளை மல்லி

அரிவாள் யோசனை எனக்கும் புதுசு. அண்டர்டார்க் போனால் ஃபாலார் அலுவே என்கிற நீண்ட வாளையும் பார்த்துக்கொள் தம்பி, ஒரு கல்லில் குத்தி நிற்கும். நீண்ட வாளானாலும் டெக்ஸ்டெரிட்டியில் வீசலாம். ஆனால் லைட் இல்லை, அதனால் இரட்டையாகப் பிடிக்க டூயல் வீல்டர் ஃபீட் வேண்டும். வலது கையில் அது, இடது கையில் அரிவாள்.

குலசேகரம் காட்டுவழி

எல்லாருக்கும் பதில் எழுத மூன்று நாளாகிவிட்டது. காற்றும் மழையுமாக இங்கே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருமுறை சண்டை நடுவில் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு வாசலிலும் சேமித்துவிட்டுத்தான் நுழைகிறேன்.

விதர்ஸிடம் 100 பொன் கொடுத்தேன். ரேஞ்சர் 5, குளூம் ஸ்டாக்கர், டூ வெப்பன் ஃபைட்டிங். புள்ளிகள் கரைவலை அண்ணா சொன்னபடி. ஷில்லேலா போயே போச்சு.

நேற்று இரவு இரண்டு மணிக்குக் குகைக்குள் இறங்கினேன். ஒளிந்து போய் கண்ணில் பட்ட முட்டைகளையெல்லாம் உடைத்தேன். தாய்ச் சிலந்தி வலைப்பாலத்தில் வந்து நின்றது. கூட வருகிற மந்திரவாதி கேல் நெருப்பை விட்டார், வலை எரிந்தது, அது விழுந்த சத்தம் ஹெட்ஃபோனில் நெஞ்சு வரை கேட்டது. கீழே இறங்கிப் போவதற்குள் ஒரு சுற்று போனது, அதில் மார்க் போட்டு வைத்தேன். அடுத்த சுற்றில் வலது, வலது, இடது, மூன்றும் பட்டது. மூன்றாவது அடி, அதே இடது கை அடிதான், 11 என்று காட்டியது. கூட இருந்த குஞ்சுச் சிலந்தி ஒன்று கூட்டாளி ஷாடோஹார்ட்டை விழுத்தாட்டியது, அவளை எழுப்ப ஒரு சுற்று செலவானது. அதற்கடுத்த சுற்றில் தாய்ச் சிலந்தி முடிந்தது.

அடுத்த லெவலில் ஸ்போர்ஸ் ட்ரூயிட் தொடங்குகிறேன். பனைநிழல் அண்ணா சொன்ன அரிவாள்தான் முதலில் வேண்டும், கொல்லனின் குறிப்பு கையில் இருக்கிறது. ஃபெதர் ஃபால் சுருள் ஒன்றும் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் அது ஒன்றே போதுமாம். கரண்ட் போகாமல் இருந்தால் இன்று இரவு நாலு பேரும் குதிக்கிறோம்.

மிடாலம் பனைநிழல்

நல்லது மக்கா. ஹுக் ஹாரர் ரெண்டு மூணு சேர்ந்து வரும், உயரமான பாறை பார்த்து நில்லு. பட்டை கிடைத்ததும் இங்கேயே எழுது.